மிக்சர் இன்றைக்கும் சாப்பிடவில்லை

அடி அண்ணாமலை,
22.11.2025

அன்புள்ள ஓவியாவுக்கு,

அர்ஜுனன் மாமா எழுதுவது. எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னபடிதான் நடக்கிறது. உன்னைப் போலீஸ் வேலைக்கு எடுப்பார்கள் என்று சொன்னேன், எடுத்தார்கள். பயிற்சிக்கு வேலூர் போனதும் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் நாற்பத்தைந்து நாளைக்குக் கடிதம் மட்டும்தான் என்பார்கள் என்றேன். அதுவும் ஆயிற்று. நீ பஸ் ஏறும்போது, “உன் பூனை நீ இல்லாமல் ஒரு வாய் தின்னாது, பார்” என்றும் சொன்னேன். பஸ் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. ஆறு நாளாக மிக்சர் சரியாகச் சாப்பிடவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. நான் பார்க்காத மிருகமா? ஜவ்வாது மலையில் கரடிக்குட்டிக்கே பால் புகட்டியவன் நான். அது நாய்க்குட்டி என்று உன் அத்தை சொல்லுவாள். அவளுக்குப் பார்வை கொஞ்சம் கம்மி. அவளும் இப்போது இங்கே இல்லை. மகள் எழிலின் பிரசவத்துக்காக ஓசூர் போய்விட்டாள். வீட்டில் நானும் பூனையும் மட்டும்தான். கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன், இது பதினெட்டாவது வருஷம். காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல், நானே சமையல், பிறகு கிரிவலப் பாதையில் நம் கற்பூரக் கடை. இடையில் பூனை.

நீ எழுதிக் கொடுத்த சீட்டைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதன்படி முதல் நாள் ஜிலேபி மீன் வாங்கி, உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து வைத்தேன். முகர்ந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. போய்விட்டது. மறுநாள் சங்கரா. அதற்கும் அதே மரியாதை. மூன்றாம் நாள் கருவாடு. ஓவியா, அந்த வாசனைக்கு நம் வாசலில் ஒன்பது நாய் வந்து வரிசையில் நின்றது! இது மட்டும் மீசையைக்கூட அசைக்கவில்லை. தயிர்சோறு வைத்தால் மேலாக இரண்டு நக்கு நக்குகிறது, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பீரோவுக்கு அடியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஏக்கம்தான். நாலு நாளில் சரியாகிவிடும். இருந்தாலும் உனக்கு ஒரு வார்த்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
அர்ஜுனன்

---

வேலூர்,
25.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. மூன்று தடவை படித்தேன். சோறு இறங்கவில்லை.

மாமா, மிக்சர் பாலை ஒதுக்கும், முட்டையை ஒதுக்கும், பாக்கெட் தீனியைக் காலால் தள்ளிவிடும். முதல் நாள் மீனை மறுநாள் வைத்தால் அதைக்கூடத் தொடாது. அவ்வளவு திமிர் பிடித்தது. ஆனால் புதிதாக வேகவைத்த மீனை அது ஒதுக்கி நான் பார்த்ததே இல்லை. என் அறை வாடகையைவிட அதன் மீன் செலவு ஜாஸ்தி என்று நீங்களே கிண்டல் பண்ணுவீர்கள். கருவாட்டுக்கும் அசையவில்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். மாலை போட்டிருக்கிறீர்கள். விரத வீட்டில் மீன் எப்படி? போன வருஷம் பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்கா முட்டை வேகவைத்த வாசனை வந்ததென்று நீங்கள் சுவரேறிச் சண்டை போட்டீர்களே. நிஜமாகவே நீங்கள் மீன் வைத்தீர்களா? வைத்தும் தின்னவில்லையா? இதற்கு மட்டும் நேராகப் பதில் வேண்டும்.

கடைத் தராசில் வைத்து எடை பாருங்கள். நான் கிளம்பும்போது மூன்று கிலோ நானூறு. இங்கே ஆபீசுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள். “பூனைக்கு உடம்பு சரியில்லை” என்று யாராவது மைக்கில் என்னைக் கூப்பிட்டால், பயிற்சி முடியும்வரை என்னை மியாவ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

விடியற்காலையில் ஓடும்போது அதன் முகம்தான் கண் முன்னால் வருகிறது. உடனே எழுதுங்கள்.

ஓவியா

---

அடி அண்ணாமலை,
27.11.2025

அன்புள்ள ஓவியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் குடும்பத்தில் எனக்குப் பிறகு போலீஸ் மூளை உனக்குத்தான் என்று தெரிகிறது. குறுக்கு விசாரணை பலம்.

நேராகவே பதில் சொல்கிறேன். மீன் வைத்தேன். விரதத்துக்குப் பங்கம் வராமல் வைத்தேன். நம் குருசாமி ராஜேந்திரன், அவர்தான் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறாரே, அவரிடம் முறைப்படி உத்தரவு கேட்டேன். மனிதர் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, “வாயில்லா ஜீவனுக்குன்னா வீட்டுக்குப் பின்னால, தனி அடுப்பு, தனிச் சட்டி வெச்சி செஞ்சிக்கலாம் சாமி. செஞ்சி முடிச்சதும் குளிச்சிடுங்க” என்றார். அப்படியே செய்கிறேன். ஒரு நாளைக்கு நாலு குளியல். இந்த மழைக் குளிரில் வேறு ஒருவனாக இருந்தால் ஜன்னி கண்டிருக்கும்.

எடை இரண்டு கிலோ எழுநூறு. இரண்டு தடவை நிறுத்தேன். தராசில் கோளாறு இருக்குமோ என்று ஒரு கிலோ வெல்லத்தை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் காட்டுகிறது.

இங்கே மிக்சருக்கு நல்ல மதிப்பு. தினமும் நாலைந்து சாமிமார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேற்று ஆரணியிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். தடுக்கத்தான் போனேன், அதற்குள் பூசிவிட்டாள். பழைய மிக்சராக இருந்தால் அந்தக் கையைப் பிறாண்டியிருக்கும். பேசாமல் உட்கார்ந்திருந்தது.

முதுகைத் தடவினால் எலும்பு சீப்பு மாதிரி கையில் படுகிறது. வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வீட்டுக்குள் ஓடுகிறேன். பீரோவுக்கு அடியில் கையை விட்டு, மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு படுகிறது. திரும்பி வந்து கற்பூரம் விற்கிறேன். அரை மணி நேரம்கூட ஆகாது, மறுபடியும் போகிறேன்.

நீ தைரியமாக இரு. நான் இருக்கிறேன்.

அர்ஜுனன் மாமா

---

வேலூர்,
29.11.2025

மாமா,

இதைப் படித்ததும் கடையை மூடிவிட்டு, மிக்சரைக் கூடையில் போட்டுக்கொண்டு வேங்கிக்கால் போங்கள். கலெக்டர் ஆபீசைத் தாண்டினால் டாக்டர் சைலஜா என்று போர்டு இருக்கும். மூன்றாம் தேதி தீபம். இரண்டாம் தேதியிலிருந்தே வண்டியை விடமாட்டார்கள். கூட்டத்துக்குள் நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதற்கு முன்னால் போய்விடுங்கள்.

ரமணாசிரமம் பக்கத்தில் நான் வேலை செய்த விடுதியில் சாம்பல் என்று ஒரு கிழட்டுப் பூனை இருந்தது. உங்களிடம் சொன்னதில்லை. முதலில் பாலை விட்டது. பிறகு சோற்றை விட்டது. மீனை ஒதுக்கிய ஒன்பதாம் நாள் செத்துப்போனது. கடைசி மூன்று நாள் அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்டர் சைலஜாதான் பார்த்தார். “மீனையே வேண்டான்னு சொல்ற பூனையை லேட்டா தூக்கிட்டு வந்துட்டீங்களேம்மா” என்றார். அந்த வார்த்தையை மிக்சர் விஷயத்தில் நான் கேட்கக் கூடாது.

மிக்சரின் காதை மடித்து உள்பக்கம் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. சொல்லாமல் வந்தால் வேலை போய்விடும். போனால் போகிறது என்று நேற்றுப் பெட்டியைக் கட்டினேன். பக்கத்துக் கட்டில் பெண் பிடுங்கி மறுபடியும் அடுக்கி வைத்துவிட்டாள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கரடிக் கதை, குளியல் கதை எல்லாம் நான் வந்த பிறகு ஆசை தீரச் சொல்லுங்கள், கேட்கிறேன். இப்போது அது என்ன தின்றது, எவ்வளவு தின்றது, அது மட்டும் எழுதுங்கள்.

ஓவியா

---

அடி அண்ணாமலை,
2.12.2025

அன்புள்ள ஓவியாவுக்கு,

நேற்றுக் காலை உன் கடிதம் வந்தது. பத்தரைக்கெல்லாம் நான் வேங்கிக்காலில் இருந்தேன். ராஜேந்திரன் ஆட்டோதான். என்னைப் பார்த்ததும் டாக்டரம்மா எழுந்து நின்று வணக்கம் சொன்னார். இல்லை, ஜன்னலைச் சாத்துவதற்காக எழுந்தார். நீ கதை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய்.

காது மஞ்சள்தான். வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தோம். மேல்வாயும் லேசாக மஞ்சள். எடை இரண்டு கிலோ ஐந்நூற்று ஐம்பது.

டாக்டரம்மா கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

“என்ன குடுக்கறீங்க?”

“எல்லாம்தாங்க.”

“மீன்?”

கூடவே வந்திருந்த ராஜேந்திரன் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது.

“ஆமாங்க,” என்றேன், மெதுவாக.

“மீன் வெச்சும் தொடலையா?”

“ஆமாங்க.”

“எத்தினி நாளா?”

“பதினஞ்சு நாளா.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரல் கெட்டுடும். அதுக்கு வழி இருக்கு, உள்ள சாப்பாடு போனா மெல்ல தேறிடும். ஆனா இது மீனையே பதினஞ்சு நாளா ஒதுக்குதுன்னா, கதை வேற. உள்ள பெருசா ஏதோ இருக்கு. அதனாலதான் திங்கல,” என்றார்.

காலில் ஊசி ஏற்றி ஒரு பாட்டில் தண்ணீர் இறக்கினார். சிரிஞ்சில் சத்துப்பொடி கரைத்து வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொல்லிக் கொடுத்தார். பாதி உள்ளே போகிறது, பாதி என் சட்டையில். தீபக் கூட்டம் கலைந்ததும் ஆறாம் தேதி கொண்டுவரச் சொன்னார். “அதுக்குள்ள வலியில கத்த ஆரம்பிச்சா, இழுத்துக்கிட்டுக் கிடக்க விடாதீங்க. ஊசி போட்டு அனுப்பிடறதுதான் அதுக்கு நல்லது. பூனைக்காரங்களைக் கேட்டு வெச்சுக்குங்க,” என்றார்.

கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னதால் கேட்கிறேன். எனக்குக் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டு வாசலில் இப்போதே தலைகளாகத் தெரிகிறது. அரோகரா சத்தத்தில் அது நடுங்குகிறது. ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கடை திறக்கவில்லை. தீபச் சமயத்தில் கடை திறக்காதது இதுதான் முதல் தடவை.

மாமா

---

வேலூர்,
4.12.2025

மாமா,

கூட இருக்கும் தாளை டாக்டரம்மாவிடம் கொடுங்கள்.

“மிக்சர் என்னுடைய பூனை. வயது நான்கு. அது பிழைக்காது, வேதனைப்படுகிறது என்று நீங்கள் முடிவு செய்தால், வலியில்லாமல் அனுப்பிவிட எனக்குச் சம்மதம். கு. ஓவியா.”

இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு நாள் தேவைப்படும் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் எழுதிவிட்டேன். சாம்பல் கத்தியது நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டேன்.

ஊசி போடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். வெளியே போய்விடாதீர்கள். தலையில், இரண்டு காதுக்கும் நடுவில், விரலை வைத்துக்கொள்ளுங்கள். அது அதற்குப் பிடிக்கும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மாலை போட்டுக்கொண்டு, தனி அடுப்பு மூட்டி, நாலு வேளை குளித்து, மீன் வைத்துப் பார்த்தீர்கள். இதற்குமேல் யாராலும் செய்ய முடியாது. உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஓவியா

---

அடி அண்ணாமலை,
7.12.2025

ஓவியா,

மிக்சர் உயிரோடு இருக்கிறது. அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நீ நிதானமாகப் படிக்கலாம்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். மறுபடியும் எடுத்துக் கடைசி நாலு வரியைப் படித்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பாம்பு கடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், அது நிஜம், தங்கம்மாளைக் கேட்டுப் பார். அப்பேர்ப்பட்டவன் நேற்று ஒரு கூடையை எடுக்க மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தேன். பூனையைக் கூடையில் வைத்தேன். முன்பெல்லாம் கூடையைக் கண்டாலே நாலு காலையும் பரப்பிக்கொண்டு ஆர்ப்பாட்டம் பண்ணுமே, நேற்றுத் துணி மாதிரி உள்ளே போனது.

டாக்டரம்மா நீ எழுதிய தாளைப் படித்தார். பூனையைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார், கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு அங்கே உதவிக்கு இருக்கும் கஸ்தூரி என்ற பெண்ணிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் அலமாரியைத் திறந்தது. சின்னப் புட்டி. நான் நீ சொன்னபடியே இரண்டு காதுக்கும் நடுவில் விரலை வைத்தேன். மிக்சர் தலையை என் விரலில் முட்டியது. ஒரே ஒரு முட்டு, பலமே இல்லாமல்.

“கொஞ்சம் இருங்க டாக்டரம்மா,” என்றேன்.

“சொல்லுங்க.”

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். கேட்டதும் டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பெரியவரே, உங்க வயசுக்கு நான் வாய் திறந்து திட்டக் கூடாது. கஸ்தூரி, அந்தப் புட்டியை உள்ள வை!” என்றார்.

கஸ்தூரி புட்டியை உள்ளே வைத்துவிட்டு, தன் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தது. அதில் இரண்டு துண்டு மீன், குழம்பில் கிடந்தது. குழாயில் காரமும் உப்பும் போக மூன்று தடவை கழுவி, டப்பா மூடியில் வைத்தது. “முள்ளு இருக்கு தாத்தா, நான் எடுக்கட்டுமா? நீங்க மாலை போட்டிருக்கீங்க,” என்றது.

“குடும்மா,” என்று நானே வாங்கி முள் எடுத்தேன். கழுத்தில் துளசிமாலை, விரலெல்லாம் மீன். அவசரத்தில் ஒரு முள் குத்தி ரத்தமே வந்துவிட்டது.

மிக்சர் மூக்கை உயர்த்தியது. அதற்கு நிற்க முடியவில்லை. முன்னங்காலை இழுத்து, இழுத்து, மூடியருகே வந்தது. முதலில் நக்கியது. பிறகு ஒரு நார், சுண்டுவிரல் நகம் அளவு, வாய்க்குள் போனது. அப்புறம் இன்னொன்று. ஐந்து தின்றது. எண்ணினேன். இதில் ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இன்னும் வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கத்தியது. காற்று மாதிரி ஒரு சத்தம்தான், ஆனால் பழைய திமிர் அதில் இருந்தது. ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாதென்று டாக்டரம்மா மூடியை எடுத்துவிட்டார்.

“பிழைச்சிடும்னு நான் எழுதித் தர மாட்டேன். மஞ்சள் இன்னும் இருக்கு. பத்து நாள் இங்கயே இருக்கட்டும். நீங்க காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மீன் வேகவெச்சி எடுத்துட்டு வாங்க. கதை எடுத்துட்டு வராதீங்க,” என்றார்.

இன்று காலை கொண்டுபோனேன். ஒரு தேக்கரண்டி அளவு தின்றது. சாயங்காலம் ஒன்றரை. எடை இன்னும் ஏறவில்லை. இன்னும் எனக்குப் பயம் விடவில்லை. கஸ்தூரியின் போன் நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்குப் போன் கிடைக்கும் நாளில் அந்தப் பெண்ணையே கேட்டுக்கொள். அது உள்ளதை உள்ளபடி சொல்லும்.

இப்போது அந்த விஷயம்.

மாலை போட்ட அன்று சாயங்காலம் பஜனையில் ஒவ்வொரு சாமியும் தங்கள் வீட்டு விரதம் எவ்வளவு சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டில் வெங்காயமே நுழையாதாம். நான் விடுவேனா? “என் வீட்ல பூனைகூட விரதம்” என்று ஒரு போடு போட்டேன். அத்தனை பேரும் சரணம் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாளே வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு போய் மீன் வாங்குவேன்? ஏக்கத்தில்தான் தின்னவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பசித்தால் தயிர்சோற்றைத் தின்றுதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தபோது பேனா தானாக ஜிலேபி மீன் என்று எழுதிவிட்டது. அதன் பிறகு டாக்டரம்மாவிடமும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெளியே ராஜேந்திரன் உட்கார்ந்திருந்தார் என்றேனே, அவர் காதில் விழுந்துவிடப் போகிறதென்றுதான் அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

நேற்று அவரிடமும் போய், மாலையோடு மீனைத் தொட்டுவிட்டேன், கழற்றிவிடவா என்று கேட்டேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் அரை மணி நேரமெல்லாம் கண்ணை மூடவில்லை. “மாலை போட்டது நீங்க சாமி. பூனை எப்போ போட்டுச்சு?” என்றார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஆட்டோக்காரர்களுக்கும் முன்னால்.

ஜிலேபி மீன், சங்கரா, கருவாடு, வாசலில் வந்த ஒன்பது நாய், தனி அடுப்பு, குருசாமி உத்தரவு, எல்லாம் என் கடிதத்தில் மட்டும்தான் இருந்தன, ஓவியா. நான் மீன் வைக்கவே இல்லை. இருபது நாளும் அதன் தட்டில் இருந்தது தயிர்சோறுதான்.

அர்ஜுனன்